எழுபதுக்கு முப்பது

காலை டீக்கு வந்து என் பெஞ்சில் உட்காரும் தம்பி ஒருவன் இருக்கிறான். வியாசர்பாடிப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடத்தில் குத்துச்சண்டை பழகுகிறான். விரல் முட்டிகளில் எப்போதும் தோல் உரிந்திருக்கும். போன வாரம் செல்போனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, சண்டை நடக்கறது முக்கால் மணி நேரம். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பேசறாங்க. எழுபது முப்பதுங்கறான், அறுபது நாப்பதுங்கறான். ஜெயிச்சவன் எடுத்துக்கோன்னு விட்டா முடிஞ்சுபோச்சு. இதுல பேச என்ன இருக்கு?"

நல்ல கேள்வி. பதில் சொல்லி முடிக்க இரண்டு டீ ஆனது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அவன் காட்டியது 2023 மார்ச்சில் டைசன் ஃபியூரி வெளியிட்ட ஒரு காணொளி. அப்போது ஹெவிவெயிட்டில் நான்கு பெரிய பெல்ட்கள் இரண்டு பேரிடம் இருந்தன. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கிடம் மூன்று, இங்கிலாந்தின் ஃபியூரியிடம் ஒன்று. இருவரும் மோதினால் உலகத்துக்கு ஒரே சாம்பியன். ஏப்ரல் 29, வெம்ப்ளி மைதானம் என்று தேதி வரை பேச்சு போய்விட்டது. அந்த நேரத்தில்தான் ஃபியூரி கேமராவைப் பார்த்துச் சொன்னார்: உனக்கு 30 சதவீதம், எனக்கு 70. நீ ஒத்துக்கொள்ளாமல் இழுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உன் பங்கில் ஒரு சதவீதம் குறையும்.

உசிக்கிடமிருந்து உடனே பதில் வந்தது. 30-க்குச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை: சண்டை முடிந்ததும் ஃபியூரி உக்ரைனுக்கு 10 லட்சம் பவுண்டு நன்கொடை தர வேண்டும்.

"மூணு பெல்ட் வெச்சிருக்கறவன் எப்படிண்ணா முப்பதுக்கு ஒத்துப்பான்? ஏமாளியா?" என்றான் தம்பி.

ஏமாளி இல்லை. அந்தச் 'சரி'க்குப் பின்னால் நூறு வருஷத்துக் கணக்கு இருக்கிறது.

முதலில் அவன் சொன்ன யோசனையையே எடுத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு அதிகம் என்ற முறை இருந்தது. 1910 ஜூலை 4-ஆம் தேதி ரீனோ நகரில் ஜாக் ஜான்சனும் ஜிம் ஜெஃப்ரீஸும் மோதிய சண்டைக்குப் பரிசுப் பணம் 1,01,000 டாலர். அதில் 60 சதவீதம் ஜெயித்தவருக்கு, 40 தோற்றவருக்கு. பிறகு அந்த வழக்கம் தேய்ந்துபோனது, காரணமும் நியாயமானதுதான். டிக்கெட் வாங்குகிறவர் ஜெயிக்கப் போகிறவரை மட்டும் பார்க்க வருவதில்லை, இரண்டு பேரையும் பார்க்க வருகிறார். மாதக்கணக்கில் முகாம் போட்டு, பயிற்சியாளருக்கும் பயிற்சித் துணைகளுக்கும் சம்பளம் கொடுத்துத் தயாராகும் மனிதர், ஒரே ஒரு குத்துத் தவறினால் வெறுங்கையோடு போக வேண்டும் என்றால் யார் ரிங்கில் ஏறுவார்? அதனால் பங்கு முன்கூட்டியே முடிவாகிறது. பழைய முறையின் மிச்சமாக இன்றைக்கும் சில ஒப்பந்தங்களில் ஜெயித்தவருக்கு 10 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

சதவீதம் என்று பேசும்போது, எதில் சதவீதம் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஒரு பெரிய சண்டைக்குப் பணம் பல வாய்க்கால்களில் வருகிறது. மைதான டிக்கெட் வசூல் ஒன்று. வீட்டில் இருந்தபடி காசு கட்டிப் பார்க்கும் பே-பெர்-வியூ ஒன்று. வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர்கள். எல்லாவற்றுக்கும் மேல், எங்கள் ஊரில் நடத்துங்கள் என்று ஒரு நாடோ சூதாட்ட விடுதியோ கொடுக்கும் இடத்தொகை. இது அத்தனையும் ஒரே பானையில் விழுகிறதா, அல்லது உள்நாட்டு ஒளிபரப்பு வருமானத்தை ஒரு தரப்பு தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தில் 30 சதவீதமா? மொத்த வசூலிலா, செலவு போகவா? நம் சினிமாக்காரர்களிடம் லாபத்தில் பங்கு என்று சொன்னால், லாபத்தை யார் கணக்குப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்பார்கள். அதே கேள்விதான்.

இரண்டு தரப்பும் குறித்த நாளுக்குள் ஒத்துவராவிட்டால், பட்டத்தை வழங்கும் அமைப்பு ஏலம் விடும். புரமோட்டர்கள் மூடிய உறையில் தொகை எழுதித் தருவார்கள். எல்லோர் முன்னாலும் உறையைப் பிரிப்பார்கள். அதிகம் எழுதியவர் சண்டையை நடத்தலாம், எழுதிய தொகை முழுவதும் இரண்டு வீரர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை அமைப்பே தீர்மானிக்கும்.

ஃபியூரி தன் பெல்ட்டை டிலியன் ஒயிட்டுக்கு எதிராகப் பணயம் வைக்க வேண்டியிருந்தபோது இதுதான் நடந்தது. டபிள்யூ.பி.சி. அமைப்பு ஃபியூரிக்கு 80, ஒயிட்டுக்கு 20 என்று சொல்லிவிட்டது. இடைக்காலச் சாம்பியன் பட்டம் தன்னிடம் இருப்பதால் தனக்கு இன்னும் அதிகம் வர வேண்டும் என்று ஒயிட் தரப்பு வாதாடியது. அமைப்பு அசையவில்லை. 2022 ஜனவரி கடைசியில் உறைகள் பிரிக்கப்பட்டன. ஃபியூரி பக்கத்துப் புரமோட்டர் ஃபிராங்க் வாரன் எழுதியிருந்தது 4 கோடியே 10 லட்சத்து 25 ஆயிரம் டாலர். ஒயிட்டின் புரமோட்டர் எட்டி ஹெர்ன் எழுதியிருந்தது 3 கோடியே 22 லட்சத்து 22 ஆயிரத்து 222.

தம்பியின் பேனாவை வாங்கி, டீக்கடைக்காரர் வடை மடிக்க வைத்திருந்த பேப்பரில் கணக்குப் போட்டேன். வாரன் தொகையில் 10 சதவீதம், அதாவது 41 லட்சத்து 2,500 டாலர், ஜெயிப்பவருக்கென்று ஒதுக்கி வைக்கப்படும். மீதி 3 கோடியே 69 லட்சத்து 22,500. அதில் ஃபியூரியின் 80 சதவீதம் 2 கோடியே 95 லட்சத்து 38 ஆயிரம். ஒயிட்டின் 20 சதவீதம் 73 லட்சத்து 84,500.

இப்போது ஒயிட்டுக்கு 25 சதவீதம் கிடைத்து, ஏலத்தில் அவருடைய புரமோட்டரே ஜெயித்திருந்தால்? 3 கோடியே 22 லட்சத்தில் 10 சதவீதம் கழித்தால் சுமார் 2 கோடியே 90 லட்சம். அதில் கால் பங்கு 72 லட்சத்து 50 ஆயிரம்.

தம்பி இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தான். 20 சதவீதம் 73 லட்சத்து 84 ஆயிரம், 25 சதவீதம் 72 லட்சத்து 50 ஆயிரம். சின்னப் பங்கில் பெரிய பணம். கோபத்தோடு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பலர் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். அந்த ஏப்ரல் 23-ஆம் தேதி வெம்ப்ளியில் 94 ஆயிரம் பேர் கூடினார்கள். ஆறாவது சுற்றில் ஃபியூரி ஒயிட்டை வீழ்த்தினார், ஒதுக்கி வைத்திருந்த 41 லட்சமும் அவர் பக்கமே போனது.

சரி, ஒருவருக்கு 80, இன்னொருவருக்கு 20 என்பது எந்த நியாயத்தில்? குத்துச்சண்டை உலகில் 'ஏ சைடு' என்று ஒரு சொல் உண்டு. யார் பெயருக்கு டிக்கெட் விற்கிறதோ அவர் ஏ சைடு. பெல்ட் இருந்தால் ஏ சைடு ஆகிவிட முடியாது. சுவரொட்டியில் முதல் பெயர், ரிங்குக்குக் கடைசியாக நடந்து வரும் உரிமை, உடை மாற்றும் அறை வரைக்கும் இது நீளும். உசிக்கின் மூன்று பெல்ட்டுக்கும் ஃபியூரியின் ஒரு பெல்ட்டுக்கும் நடுவே வெம்ப்ளியின் இருக்கைகள் இருந்தன. அவற்றை நிரப்பக்கூடியவர் இங்கிலாந்துக்காரர் ஃபியூரி. உசிக்குக்கு அது தெரியும்.

அடுத்த கேள்வி, பங்கா, மொத்தத் தொகையா என்பது. நம் ஊர் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். நிலத்தை வாரத்துக்கு விட்டால் விளைச்சலில் பங்கு, விளைந்தால் இருவருக்கும் லாபம், பொய்த்தால் இருவருக்கும் நட்டம். குத்தகைக்கு விட்டால் வானம் பொய்த்தாலும் பேசிய நெல் வந்தாக வேண்டும், ஆனால் பொன்னாய் விளைந்தாலும் ஒரு மரக்கால் கூடாது. 1971 மார்ச் 8-ஆம் தேதி நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியது குத்தகைக் கணக்கில். ஆளுக்கு 25 லட்சம் டாலர், சரி பாதி. ஃபிரேசியர் சாம்பியன். அலி 1967-இல் ராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டவர், ரிங்கில் அதுவரை யாரிடமும் தோற்காதவர். யார் ஏ சைடு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஜோடி. அதற்கு முன் எந்தக் குத்துச்சண்டை வீரரும் ஒரே இரவில் அவ்வளவு பணம் பார்த்ததில்லை. உலகமெங்கும் தியேட்டர் திரைகளில் காட்டி வந்த வசூலோ, அந்த 50 லட்சத்தைத் தாண்டி வெகுதூரம் போனது. குத்தகை அப்படித்தான்.

வாரத்துக்கு ஆடியவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜீன் டனி. 1927 செப்டம்பரில் சிகாகோவில் ஜாக் டெம்ப்சியோடு அவர் ஆடிய இரண்டாவது சண்டையின் மைதான வசூல் 26 லட்சம் டாலரைத் தாண்டியது. டனியின் பங்காக வந்தது 9,90,445 டாலர். பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. டனி தன் கணக்கிலிருந்து 9,555 டாலருக்கு ஒரு காசோலை எழுதிப் புரமோட்டர் டெக்ஸ் ரிக்கார்டிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சுளையாகப் பத்து லட்சத்துக்கு ஒரே காசோலை வாங்கிக்கொண்டார். இந்தத் தொழிலில் எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. 50-க்கு 50 என்று எழுதினால்தான் வருவேன் என்று ஒருவர் அடம்பிடிக்கும்போது அதில் பாதி பணம், பாதி மானம். மானத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். முகத்தில் அடி வாங்கப் போகிறவனுக்கு அது வேண்டும்.

முப்பதுக்கு ஒத்துக்கொள்வது ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கான பாடம் 1908-இல் சிட்னியில் நடந்தது. அப்போது சாம்பியன் டாமி பர்ன்ஸ் என்ற கனடாக்காரர். கறுப்பின வீரர்களுக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே தரமாட்டோம் என்று வெள்ளைச் சாம்பியன்கள் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம். ஜாக் ஜான்சன் பர்ன்ஸை இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் துரத்திக்கொண்டே போனார். கடைசியில் பர்ன்ஸ் தன் விலையைச் சொன்னார்: 30 ஆயிரம் டாலர். ஹியூ மெக்கின்டாஷ் என்ற புரமோட்டர் அதைக் கொடுக்கச் சம்மதித்தார். ஜான்சனுக்கு 5 ஆயிரம். ஏழில் ஒரு பங்கு.

ஜான்சன் வாங்கிக்கொண்டார். டிசம்பர் 26-ஆம் தேதி, பதினான்காவது சுற்றில் போலீஸ் உள்ளே புகுந்து சண்டையை நிறுத்தும் அளவுக்கு பர்ன்ஸை அடித்தார். உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் கறுப்பின வீரர் ஆனார். பிறகு வந்த பெரிய சண்டைதான் நான் முதலில் சொன்ன ரீனோ. அங்கே வெற்றியாளரின் 60 சதவீதம் அவருடையது. சிட்னியில் ஏழில் ஒரு பங்குக்குக் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் ரீனோ என்ற ஊரே அவர் வாழ்க்கையில் வந்திருக்காது.

இந்தப் பேரம் முழுவதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மேசையில் இருப்பது இந்தச் சண்டையின் பணம் மட்டும் இல்லை. அடுத்த சண்டைக்குப் பேசும்போது எந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதும் அதில் இருக்கிறது. சவால்காரர் குறைந்த பங்குக்கு ஒத்துக்கொள்ளும்போது அந்த நாற்காலிக்கு விலை கொடுக்கிறார். சாம்பியனுக்கும் இது தெரியும். அதனால்தான் ஒப்பந்தத்தில் சதவீதத்தைவிடக் கடுமையாக இழுபடும் பத்தி ஒன்று உண்டு. அது மறுபோட்டி ஷரத்து. நான் தோற்றால் எனக்கு உன்னோடு உடனே இன்னொரு சண்டை உண்டு, அதன் பங்கும் இப்போதே பேசப்பட்டுவிட்டது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது.

2019 ஜூன் 1-ஆம் தேதி ஆண்டனி ஜோஷுவா நியூயார்க்கில் ஆண்டி ரூயிஸிடம் தோற்றார். ரூயிஸ் கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவர். நான்கு முறை ஜோஷுவாவைக் கீழே தள்ளி ஏழாவது சுற்றில் கதையை முடித்தார். ஆனால் ஒப்பந்தத்தில் மறுபோட்டி ஷரத்து இருந்தது. புதிய சாம்பியன் தன் இஷ்டப்படி ஊரும் எதிராளியும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஆறே மாதத்தில், டிசம்பர் 7-ஆம் தேதி, சவுதி அரேபியாவின் திரியாவில் பெல்ட்கள் ஜோஷுவாவிடம் திரும்பின.

இன்னொரு சம்பவம் இதைவிடக் கொடுமை. 2021 மே மாதம் ஃபியூரியும் ஜோஷுவாவும் ஆகஸ்ட் 14-ஆம் தேதி சவுதியில் மோதுகிறார்கள் என்று ஃபியூரி தன் வாயாலேயே அறிவித்தார். இங்கிலாந்து வரலாற்றிலேயே பெரிய சண்டை. அறிவித்த மறுநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. டியான்டே வைல்டரோடு போட்ட பழைய ஒப்பந்தத்தில் மூன்றாவது சண்டைக்கான ஷரத்து இன்னும் உயிரோடு இருக்கிறது, செப்டம்பர் 15-க்குள் ஃபியூரி வைல்டரோடு மோதியாக வேண்டும் என்று நடுவர் மன்றத்தில் அமர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி சொல்லிவிட்டார். சவுதி சண்டை அன்றோடு போயிற்று.

மறுபோட்டியையும் விடப் பெரிய காப்பீடு எழுதி வாங்கியவர் ஒருவர் உண்டு. ஜேம்ஸ் பிராடாக். அமெரிக்கப் பொருளாதார மந்த காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அரசு நிவாரணம் வாங்கிக் குழந்தைகளை வளர்த்த மனிதர், 1935-இல் சாம்பியன் ஆனார். இரண்டு வருஷம் கழித்து எதிரே வந்தவர் இளம் ஜோ லூயிஸ். பிராடாக்கின் மேனேஜர் ஜோ கூல்டுக்குத் தன் ஆள் ஜெயிப்பது கடினம் என்று தெரிந்திருக்க வேண்டும். அன்றைய பங்கோடு விடாமல், லூயிஸின் புரமோட்டர் மைக் ஜேக்கப்ஸ் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஹெவிவெயிட் பட்டச் சண்டைகளில் சம்பாதிக்கும் லாபத்தில் 10 சதவீதம் பிராடாக்குக்கு என்று பேசி முடித்தார். 1937 ஜூன் 22, சிகாகோ. எட்டாவது சுற்றில் பிராடாக் முகம் குப்புற விழுந்தார். லூயிஸ் பன்னிரண்டு ஆண்டுகள் சாம்பியனாக இருந்தார். எழுந்து நிற்க முடியாத அந்தத் தோல்விதான் பிராடாக் குடும்பத்துக்கு வருஷாவருஷம் சோறு போட்டது. ஒரு மேனேஜர் தன் வீரனுக்குச் செய்யக்கூடியதில் இதைவிட அன்பான காரியம் எனக்குத் தெரியவில்லை.

பணத்தை விட்டுக்கொடுத்து வேறொன்றை வாங்குவதும் உண்டு. இது ஹெவிவெயிட் இல்லை, மிடில்வெயிட், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1987-இல் சுகர் ரே லெனர்டோடு மோத மார்வின் ஹாக்லர் தன் பங்காகக் குறைந்தது 1 கோடியே 20 லட்சம் டாலர் வாங்கினார். லெனர்டுக்கு 1 கோடியே 10 லட்சம். அந்த விட்டுக்கொடுப்புக்குப் பதிலாக லெனர்டு தரப்பு கேட்டது மூன்று: 15 சுற்றுக்குப் பதில் 12, ஓடி விளையாட அகலமான ரிங், கனமான கையுறை. மூன்றும் கிடைத்தன. லெனர்டு புள்ளிக் கணக்கில், நடுவர்கள் இருவருக்கு ஒருவர் என்று பிரிந்த தீர்ப்பில் ஜெயித்தார். ஹாக்லர் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை.

இவ்வளவும் இரண்டு தரப்பும் தங்களுக்காகவே பேசும்போது. வீரனுக்காகப் பேச வேண்டியவர் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்?

1986 ஜூலையில் வெம்ப்ளியில் அமெரிக்கர் டிம் விதர்ஸ்பூன் தன் பட்டத்தை ஃபிராங்க் புரூனோவிடமிருந்து காப்பாற்றிக்கொண்டார். பதினோராவது சுற்றில் வெற்றி. சாம்பியனும் அவர்தான், ஜெயித்தவரும் அவர்தான். தோற்ற புரூனோவுக்குச் சுமார் 9 லட்சம் டாலர் கிடைத்தது. விதர்ஸ்பூன் கைக்கு வந்த காசோலையில் இருந்தது 90,094 டாலர். பத்தில் ஒரு பங்கு. அவருடைய புரமோட்டர் டான் கிங். அவருடைய மேனேஜர் டான் கிங்கின் வளர்ப்பு மகன் கார்ல் கிங். மேனேஜரின் வேலை புரமோட்டரிடம் மல்லுக்கட்டி வீரனுக்குப் பங்கு வாங்கித் தருவது. இங்கே அப்பாவிடம் மகன் மல்லுக்கட்ட வேண்டும். விதர்ஸ்பூன் வழக்குப் போட்டார், பல வருஷம் கழித்து சமரசமாக ஒரு தொகை வாங்கினார். அதற்குள் அவருடைய நல்ல காலம் போய்விட்டது.

அலிக்கே இது நடந்தது. 1980 தொடக்கத்தில் மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டாரே, எம்.ஜி.ஆர். வந்து பார்த்தாரே, அதே வருஷம் அக்டோபரில் லாரி ஹோம்ஸோடு மோதினார். மோதியிருக்கக் கூடாத சண்டை. ஒப்பந்தத்தில் 80 லட்சம் டாலர். கைக்கு வந்தபோது அதில் 10 லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மேனேஜரும் புரமோட்டரும் ஒரே கையாக இருக்கக் கூடாது, சண்டையில் தனக்கு எவ்வளவு வருகிறது என்பதைப் புரமோட்டர் வீரனிடம் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்துக்கு முகமது அலியின் பெயரையே வைத்தார்கள்.

"தம்பி, நாளைக்கு யாராவது உன் முன்னாடி ஒரு தாளை நீட்டினா, அவன் ஆள்கிட்ட இல்லாம உன் ஆள்கிட்ட காட்டிட்டுக் கையெழுத்துப் போடு" என்றேன். அவன் தலையாட்டினான். மேனேஜருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை, பயிற்சியாளருக்குப் பத்தில் ஒன்று, பெல்ட் அமைப்புக்குக் கட்டணம், வரி என்று எல்லாம் போன பிறகுதான் மிச்சம் வீடு வந்து சேரும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

உசிக் கதையை முடிக்கவில்லை. 30-க்குச் சம்மதித்த பிறகும் அந்த 2023 ஏப்ரல் சண்டை நடக்கவில்லை. மார்ச் 22-ஆம் தேதி வாக்கில் பேச்சு முறிந்தது. அப்போது வந்த செய்திகள் எல்லாம் கைகாட்டிய இடம் மறுபோட்டி ஷரத்து. முதல் சண்டையின் பங்கில் இறங்கி வந்த மனிதர், அடுத்த சண்டையின் பங்கில் இறங்கி வரவில்லை. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு சவுதி அரேபியா பணத்தோடு நடுவில் வந்தது. பானை பெரிதானால் பங்குச் சண்டை சின்னதாகிவிடும். 2024 மே 18-ஆம் தேதி ரியாத்தில் உசிக் ஃபியூரியை வென்றார். நான்கு பெல்ட்டும் ஒரே இடுப்பில். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டுக்கு ஒரே சாம்பியன் கிடைத்தது அன்றைக்குத்தான். ஒப்பந்தத்தில் இருந்த மறுபோட்டியும் டிசம்பர் 21-ஆம் தேதி நடந்தது. அதிலும் உசிக். 30 சதவீதத்துக்கு 'சரி' சொன்ன மனிதரைப் பற்றி என் தீர்ப்பு இதுதான்: அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் சரியாகக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்.

இரண்டாவது டீ முடிந்துவிட்டது. எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "பேரம் படியாமலே போன சண்டை இருக்காண்ணா?"

இருக்கிறது. 2018-இல் ஜோஷுவாவும் வைல்டரும். இருவரும் அதுவரை தோல்வியே காணாதவர்கள். ஜோஷுவாவுக்கு 5 கோடி டாலர் தருகிறோம் என்று வைல்டர் பக்கம் சொன்னது. வைல்டருக்கு 1 கோடியே 50 லட்சம் குத்தகையாகத் தருகிறோம் என்று ஜோஷுவா பக்கம் சொன்னது. மின்னஞ்சல்கள் பறந்தன, கோடை போயிற்று, சண்டை வரவில்லை. அடுத்த வருஷம் ஜோஷுவாவை ரூயிஸ் வீழ்த்தினார். அதற்கு அடுத்த வருஷம் வைல்டரை ஃபியூரி வீழ்த்தினார். தோற்காதவர்களாக அந்த இருவரும் மோதும் சண்டை இனி எந்தக் காலத்திலும் கிடையாது.

ஆனால் எனக்கு இன்றும் மனம் ஆறாதது 1992. அந்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி லண்டனில் லெனாக்ஸ் லூயிஸ் ரேசர் ருடாக்கை இரண்டே சுற்றில் முடித்தார். நவம்பர் 13-ஆம் தேதி லாஸ் வேகாஸில் ரிடிக் போவ் எவாண்டர் ஹோலிஃபீல்டை வென்று சாம்பியன் ஆனார். இருவரும் இருபதுகளில், இருவரும் மலை போன்ற ஆட்கள், இருவருமே தொழில்முறையில் தோற்காதவர்கள். டபிள்யூ.பி.சி. அமைப்பு லூயிஸோடுதான் அடுத்த சண்டை என்று சொல்லிவிட்டது. போவின் மேனேஜர் ராக் நியூமன் 90-க்கு 10 என்றார். லூயிஸ் பக்கம் மறுத்தது. டிசம்பரில் போவ் லண்டனுக்கு வந்து, பத்திரிகையாளர்கள் முன்னால் அந்த அமைப்பின் பச்சை பெல்ட்டை ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார். பட்டம் லூயிஸுக்குப் போனது, ஒரு குத்துக்கூட விடாமல்.

நான் அந்தச் சண்டைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தேன். அடுத்த வருஷமே போவ் மீதியிருந்த பட்டங்களை ஹோலிஃபீல்டிடம் இழந்தார். லூயிஸ் 1999-இல் எல்லா பெல்ட்டையும் சேர்த்தார், 2004-இல் ஓய்வு பெற்றார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் கனடாவுக்காக ஆடிய லூயிஸ், அமெரிக்கர் போவை இரண்டாவது சுற்றில் வீழ்த்தித் தங்கம் வாங்கினார். அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, பங்கும் கிடையாது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே ரிங்கில் எதிரெதிராக நின்றதே இல்லை.